தபால்காரர் நார்ப் போட்ட வேலி

எங்கள் தெருவில் நாய் என்றாலே ஆகாத ஒரே ஆள் எதிர்வீட்டு நார்ப் ஷ்ரோடர்தான். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை தோளில் பை மாட்டிக்கொண்டு இந்த ஊர் முழுக்கத் தபால் போட்டவர். கெண்டைக்காலில் ஒரு கடி, தொடையில் ஒரு கடி, உட்காருகிற இடத்தில் ஒரு கடி. மூன்றாவதை மட்டும் அவர் வாயால் சொல்லமாட்டார். அவர் மனைவி ரூத் உயிரோடு இருந்தபோது எங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில் போன செப்டம்பரில் ஒரு நாய் வந்து இறங்கியது. நாய் என்று சொன்னால் போதாது. கன்றுக்குட்டி அளவு இருந்தது. அதற்கு வாஃபிள் என்று பெயர் வைத்திருந்தாள் அவர் மகள் கெல்சி. அவள் ராணுவத்தில் இருக்கிறாள். அவளுடைய பிரிவை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், நாயைக் கூட்டிப்போக முடியாது, விட்டுப்போக வேறு ஆளும் இல்லை.

கெல்சி வீட்டுக்குள் போகவில்லை. வண்டி நிற்கும் இடத்திலேயே நின்று நாயை ஒப்படைத்தாள். என் ஜன்னல் திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. திறந்தே வைத்திருந்தேன் என்றும் சொல்லலாம்.

"ஏப்ரல்ல வந்துடுவேன் நார்ப். அதுவரைக்கும் பத்திரமா வெச்சுக்கோ."

"வெச்சுக்கறேன்."

"கொண்டுபோய் விட்டுட்டு வந்துடாதே."

நார்ப் முகத்தில் ஈயாடவில்லை. பெற்ற அப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம். அது பழைய கதை. சின்ன வயதிலிருந்து நாய் வேண்டும் நாய் வேண்டும் என்று அழுத பெண் அவள். நார்ப் மசியவில்லை. பள்ளியின் கடைசி வருடத்தில் ஒரு குட்டியை அவளாகவே தூக்கி வந்துவிட்டாள். அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நார்ப் அதை நாய்க் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அன்றைக்கு 'அப்பா' நின்றது. படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்து போய்விட்டாள். ரூத்தின் இறுதிச் சடங்குக்குக்கூட தேவாலயத்துக்கு வந்தாள், கல்லறைக்கு வந்தாள், வீட்டுக்கு வரவில்லை.

ஆக, வாஃபிள் நார்புக்கு நாய் இல்லை. அது பத்திரமாக இருந்தால் மகள் ஏப்ரலில் வாசல்வரைக்குமாவது வருவாள். அதற்கு ஏதாவது ஆனால் அதுவும் இல்லை. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் குடியிருப்பில் வீட்டு முன்னால் வேலி போடக்கூடாது. சங்கத்தின் விதி. புல்வெளி ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே பச்சையாகத் தெரியவேண்டுமாம். அதனால் நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் மண்ணுக்குள் கம்பி புதைத்துக்கொள்வார்கள். கம்பிக்கு சிக்னல் கொடுக்கக் கராஜில் ஒரு பெட்டி, நாயின் கழுத்தில் ஒரு பட்டை. கம்பிக்குப் பக்கத்தில் போனால் பட்டை பீப் என்று கத்தும். இன்னும் போனால் கழுத்தில் சுரீர் என்று ஒரு ஷாக்.

நார்புக்கு இந்த மறைவேலியைக் கண்டாலே ஆகாது. "கண்ணுக்குத் தெரியற வேலின்னா எங்க நிக்கணும்னு தபால்காரனுக்குத் தெரியும் பெவ். இதுல நாய் நாலுகால் பாய்ச்சல்ல வரும். நிக்குமா நிக்காதா, அது ஆண்டவனுக்கும் நாய்க்கும்தான் தெரியும். எத்தனை தடவை நான் பையைக் குறுக்கால பிடிச்சுக்கிட்டு ஜெபம் பண்ணியிருக்கேன் தெரியுமா?" என்று என்னிடம் புலம்பினார். பெவ் என்பது நான்தான்.

"அப்ப போடாதே."

"போடாம? அது ரோட்டுல ஓடி அடிபட்டா?"

போட்டார். ஆனால் தபால்காரர் போட்ட வேலி எப்படி இருக்கும்? தெருவோரத் தபால் பெட்டியிலிருந்து நல்ல தூரம் தள்ளிக் கம்பியைப் புதைக்கச் சொன்னார். தபால் போட வருகிறவர் பயப்படக்கூடாதாம். நாய்க்கு முன்பக்கம் கிடைத்தது ஒரு பாய் விரிக்கிற இடம்தான். கம்பி நெடுக வெள்ளைக் கொடிகளை நட்டார்கள். கொடியைப் பார்த்து நாய் எல்லையைப் பழகவேண்டும், பழகப் பழகக் கொடியை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.

பழக்குகிற வேலையை நார்ப் எப்படிச் செய்தார் என்று நான் தினமும் பார்த்தேன். மனிதர் ஒருநாள் தவறவில்லை. காலையிலும் மாலையிலும் வாரைப் பிடித்துக்கொண்டு கொடிவரை கூட்டிப்போவார். பட்டை பீப் என்றதும் வாரைச் சுண்டி, "திரும்பு, திரும்பு, திரும்பு" என்று உள்ளே ஓடிவருவார். வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு சீஸ். முட்டி வலியோடு அந்த ஆள் ஓடுவதைப் பார்த்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நாயைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார். அவள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். "பாத்தியா, பதில் போட்டுட்டா."

"கட்டைவிரல்தானே போட்டிருக்கா."

"விரலாவது போட்டாளே."

நவம்பருக்குள் வாஃபிள் நன்றாகவே பழகிவிட்டது. அணிலைத் துரத்திப் போகும், கொடியருகே பிரேக் போட்டதுபோல் நிற்கும். பாதிக் கொடிகளை எடுத்தாயிற்று. நார்ப் தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது.

எனக்கு ஒரு பார்சல் வந்தது. எங்கள் தபால்காரப் பெண் யோலாண்டா வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். வழக்கமாக அவள் வண்டிக்குள் இருந்தபடியே கை நீட்டித் தபால் போடுகிறவள். வாஃபிள் அவளை முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பார்த்ததும் கிளம்பியது. கொடியைத் தாண்டும்போது ஒரு துள்ளு துள்ளியது, ஷாக் அடித்திருக்கிறது, நிற்கவில்லை. தெருவைத் தாண்டி நேராக அவளை நோக்கி வந்தது.

அவள் பாவம், வேறென்ன செய்வாள்? பார்சலைப் போட்டுவிட்டு இடுப்பிலிருந்த மிளகாய் ஸ்பிரேயை எடுத்து அதன் முகத்தில் அடித்துவிட்டாள். நாய் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. என் புல்வெளியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புரண்டது.

நார்ப் வெளியே ஓடிவந்து, "வாஃபிள்! வீட்டுக்கு வா!" என்று கத்தினார். அது கண்ணைத் திறக்க முடியாமல், குரல் வந்த திசையில் வீட்டைப் பார்த்து ஓடியது. எல்லை வந்ததும் கழுத்துப் பட்டை மறுபடி சுரீர் என்று அடித்தது. உள்ளே போகிற நாய், வெளியே வருகிற நாய் என்றெல்லாம் பட்டைக்குத் தெரியுமா? ஓலமிட்டுக்கொண்டு தெரு நடுவுக்குத் திரும்பியது. ஒரு பிக்கப் டிரக் கிறீச்சென்று நின்றது. நல்லவேளை, நின்றது.

யோலாண்டாதான் முதலில் தெருவுக்குள் ஓடி, கையை விரித்து வண்டிகளை நிறுத்தினாள். சற்றுமுன் அந்த நாய்க்குப் பயந்து நடுங்கியவள். நானும் நார்பும் சேர்ந்து அதை என் புல்வெளிக்குத் தள்ளிவந்தோம். நார்ப் பட்டையைக் கழற்றி எறிந்தார். என் தோட்டத்துக் குழாயைத் திறந்து அதன் கண்ணைக் கழுவினோம்.

யோலாண்டா பக்கத்தில் வந்து குனிந்தாள். "மன்னிச்சிடுங்க மிஸ்டர் ஷ்ரோடர். கடிக்க வருதுன்னு நெனச்சேன்."

"நீ பண்ணினது சரிம்மா. உன் இடத்துல நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்."

"நல்லாப் பழகியிருந்துச்சுன்னு சொன்னீங்களே?"

நார்ப் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து தன்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நீலச் சட்டை போட்டிருந்தார்கள். தபால் இலாகாவின் குளிர்கால மேல்சட்டை. ஓய்வு பெற்றும் அவர் அதை விடவில்லை. அதன் பை பெரியது, சீஸ் வைக்க வசதி. இத்தனை நாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நாயைப் பழக்கியிருக்கிறார்.

"ஐயோ," என்றார். "நீலச் சட்டையைக் கண்டா ஓடி வரணும்னு நானே சொல்லிக் குடுத்திருக்கேன் பெவ். அது கடிக்க வரல. சீஸ் கேட்டு வந்திருக்கு."

யோலாண்டா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நார்ப் அழுதார். அதில் சந்தேகமே இல்லை.

இப்போது நாயை எப்படி வீட்டுக்குக் கொண்டுபோவது? கராஜுக்குப் போய் வேலியின் பெட்டியை அணைத்தாயிற்று. கழுத்தில் பட்டை இல்லை. ஆனாலும் வாஃபிள் எல்லைக்கு முன்னால் பின்னங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார், முட்டி மடங்கிவிட்டது. தன் கையால் கற்றுக்கொடுத்த பாடம் அவ்வளவு கெட்டியாக இருந்தது. அவர் காரோ குளிர்கால டயர் மாற்ற வொர்க்‌ஷாப்பில் இருந்தது. என் காரில் என் மகன் வேலைக்குப் போயிருந்தான்.

"என் வண்டியில ஏத்தலாமா?" என்றாள் யோலாண்டா.

நார்ப் திடுக்கிட்டுவிட்டார். "தபால் வண்டியிலயா? நாயையா? விதியில இடமே இல்லம்மா. உன் வேலை போயிடும்."

"யாரு சொல்லப் போறாங்க? நீங்களா?"

அவள் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து தொடையைத் தட்டினாள். வாஃபிள், கண் சிவந்து மூக்கு ஒழுக, நீலச் சட்டையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு ஏறியது. சற்று முன்னால் தன் கண்ணில் மிளகாய் அடித்தவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. நாய் ஜென்மத்துக்கு எவ்வளவு பெரிய மனசு! தெருவைக் குறுக்கே கடந்து, வண்டிப் பாதையில் ஏறி, கராஜ் வாசலில் இறக்கிவிட்டாள். அமெரிக்கத் தபால் வண்டி ஒரு நாயை ஒரு தெரு அகலத்துக்கு டெலிவரி செய்தது.

அன்றைக்கே நார்ப் மகளுக்குப் போன் செய்தார். மறைத்திருக்கலாம். நான்கூட, "கண்ணுதான் சரியாயிடுச்சே, எதுக்கு வாயைக் குடுத்து மாட்டிக்கறே?" என்றேன். அவர் கேட்கவில்லை. என் சமையலறையில் உட்கார்ந்துதான் பேசினார், தனியாகப் பேச அவருக்குத் தைரியம் இல்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தப்பு என்னுது என்றார். கெல்சி கேட்டது ஒன்றுதான்.

"இப்ப எங்க இருக்கான்?"

"என் கால் மேல படுத்திருக்கான்."

"சட்டையை மாத்து," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சட்டையை மாற்றினார். நீலத்தைக் கராஜில் ஆணியில் மாட்டிவிட்டு, வேட்டைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டை ஒன்று வாங்கிவந்தார். பூசணிக்காய்க்குக் கைகால் முளைத்தது மாதிரி இருந்தார். எல்லாக் கொடியையும் மறுபடி நட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஷாக் கிடையாது, வெறும் பீப். யோலாண்டா தினமும் வண்டியை நிறுத்தி, எல்லைக்கு வெளியே கொஞ்ச நேரம் மரம்போல் நின்றுவிட்டுப் போவாள். வாஃபிள் அவளைப் பார்த்துத் துடிக்கும். திரும்பி உள்ளே வந்தால் சீஸ். சிலநாள் பனி கொட்டும்போதும் நின்றாள்.

சங்கத்துக்காரர்கள் வந்து, கொடி நட்டு இத்தனை நாளாகிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றார்கள். "அப்ப பாக்காதீங்க," என்றார் நார்ப். ஆயுளில் ஒரு விதியைக்கூட மீறாத மனிதர்.

இன்னொன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குக் கட்டைவிரல் வருவது நின்று கேள்வி வர ஆரம்பித்தது. இந்த வாரம் எந்தக் கொடியை எடுத்தே? யோலாண்டா வந்தப்ப நின்னானா? பனியில கம்பி அறுந்துடாதே? நார்ப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார். அந்த இரண்டு பேரும் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. எல்லாம் கொடியைப் பற்றித்தான்.

ஏப்ரலில் கெல்சி வந்தாள். கடைசிக் கொடியையும் எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. டாக்ஸியிலிருந்து இறங்கி, தபால் பெட்டியருகே பையைப் போட்டுவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து, "வாஃபிள்!" என்று கூப்பிட்டாள்.

அது வீட்டு முன்னாலிருந்து அம்புபோல் வந்தது. நார்ப் படியில் நின்றுகொண்டிருந்தார். நான் என் ஜன்னலில். வெறும் புல்தான், அங்கே ஒரு அடையாளமும் இல்லை. அந்த இடத்தில் வாஃபிள் நின்றுவிட்டது. உடம்பு முழுக்க நடுங்கியது. ஊளையிட்டது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. தாண்டவில்லை.

"வாடா! நான்தான்டா!" கெல்சியின் குரல் உடைந்துவிட்டது. "என்னை மறந்துட்டான். அப்பா, இவன் என்னை மறந்துட்டான்."

நார்ப் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"மறக்கலம்மா. அவன் தாண்ட மாட்டான். நீதான் உள்ள வரணும்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு எழுந்து புல்லில் நடந்தாள். எல்லையைத் தாண்டிய அடுத்த நொடி அந்தக் கன்றுக்குட்டி அவளை மல்லாக்கத் தள்ளி முகமெல்லாம் நக்கியது. சிரித்து, அழுது, உடம்பெல்லாம் மண்ணாகி எழுந்தாள். நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு படியேறி, அப்பாவைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். அந்த வீட்டுக்குள்.

நார்ப் அங்கேயே நின்றார். கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே மகளின் குரல் கேட்கிறது, மனிதர் நகரவில்லை. என்னால் பொறுக்கமுடியவில்லை. ஜன்னலைத் தூக்கிக் கத்தினேன்.

"நார்ப்! உனக்கும் யாராச்சும் சீஸ் காட்டணுமா? உள்ள போய்யா!"