பாலத்தில் நின்ற பஸ்

டிம்ப்னா ஹெரட்டி பஸ்ஸைப் பின்னால் எடுத்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் அயர்லாந்துக் கிராமத்து ரோடுகளின் அகலத்துக்கு இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கித்தான் ஆக வேண்டும். டிராக்டரோ, பால் லாரியோ, ஆயருடைய காரோ, பின்வாங்குவது எப்போதும் மற்றவர்கள்தான். டிம்ப்னா எஞ்சினை அணைத்துவிட்டு சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். திமிர் பிடித்தவள் என்பார்கள். திமிர்தான். அந்தத் திமிர் இல்லாவிட்டால் எங்கள் ஊர் கில்வார்னாவின் பெயரில் இன்று ஒரு கால்பந்து கிளப்பே இருந்திருக்காது.

காலையில் பள்ளிப் பிள்ளைகள், நடுவில் சாவு வீட்டுக்குப் போகிறவர்கள், வார இறுதியில் எங்கள் அணி. இதுதான் அவள் பிழைப்பு. நான் அந்த அணிக்குத் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவன். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட் என்னுடையது. அவளைச் சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும், ஒரே அணியில் ஆடியவர்கள் நாங்கள்.

ஆமாம், அவளும் ஆடினாள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்கள் அணியில் ஒரு ஆள் குறைந்தபோது, அவள் அப்பா அவளுடைய முடியை ஒட்ட வெட்டி, டெர்மட் என்று பெயர் சொல்லி, பதிமூன்றாம் எண் சட்டையை மாட்டிவிட்டார். நான் கோல் காத்தேன். மாவட்ட இறுதி ஆட்டத்தில் பக்கத்து ஊர் ட்ரம்கார்வாவை அவள் தனியாகவே உரித்து எடுத்தாள். கோப்பை எங்கள் கைக்கு வந்த பிறகு, ட்ரம்கார்வாக்காரி ஒருத்தி, "அது ஹெரட்டியோட பொண்ணு. மே மாசம் வெள்ள கவுன் போட்டு நற்கருணை வாங்கினா, நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டாள். கோப்பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் எங்களைக் காரில் அடைத்து, சதுப்பு ரோடு வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். டிம்ப்னாவைத் தலையைக் குனிந்துகொள்ளச் சொன்னார்கள். அவள் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டே வந்தாள்.

சதுப்பு ரோடு என்றால் தோற்றவர்களின் ரோடு. பெரிய சாலையிலிருந்து எங்கள் ஊருக்கு வர ட்ரம்கார்வாவைத் தாண்ட வேண்டும். அப்புறம் ஆறு, ஆற்றின் மேல் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் தேவாலயப் பங்கு, எங்கள் ஊர் எல்லை. ஜெயித்தால் பாலத்தின் ட்ரம்கார்வா பக்க முனையில் பஸ் நிற்கும். அணி இறங்கி, கோப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு நடந்து வரும். எங்கள் பக்கத்தில் தீ எரியும். பின்னால் வரிசையாகக் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரும். தோற்றால் ட்ரம்கார்வாவுக்கு முன்பே திரும்பி, சதுப்பைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிற மாதிரி வந்து, அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை. சதுப்பு ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் டிம்ப்னாவுக்கு மனப்பாடம், அந்த அளவுக்குத் தோற்றிருக்கிறோம்.

போன குளிர்காலத்தில் எங்களுக்கு என்னவோ ஆகிவிட்டது. மாவட்டத்தை ஜெயித்தோம். மாகாணத்தை ஜெயித்தோம். அரையிறுதியையும் ஜெயித்து, ஜூனியர் கிளப்புகளுக்கான அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். ஜூனியர் என்பது வயதுக் கணக்கு இல்லை, ஊர் சிறியது என்ற கணக்கு. எங்கள் ஃபுல்பேக்குக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.

இதற்கு நடுவில் ட்ரம்கார்வாவிலிருந்து ஒரு பேச்சு வந்திருந்தது. உங்கள் பையன்கள் பாதிப்பேர் சிட்னியில் இருக்கிறார்கள், பதினைந்து பேரைத் திரட்டவே திண்டாடுகிறீர்கள், எங்களோடு சேர்ந்துவிடுங்கள் என்றார்கள். சேர்ந்தால் பெயர் அவர்களுடையது, சட்டை நிறமும் அவர்களுடையது. இறுதி ஆட்டம் முடிந்த மறுவாரம் கிளப் கூடி முடிவெடுப்பதாக இருந்தது. எங்கள் தலைவர் பாட்சி லவெல் நல்ல மனிதர், ஆனால் களைத்துப் போனவர். கோப்பையோடு வந்தால் சேருவது பற்றி எவனும் வாய் திறக்க மாட்டான், தோற்றால் முதலில் கை தூக்குவது நான்தான் என்று பஸ்ஸில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார். டிம்ப்னா கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் கெர்ரி மாவட்டத்துக்காரர்களிடம் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். எங்கள் கால்பந்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் ஒரு பாயிண்ட். கடைசி நிமிடத்தில் எங்கள் கேப்டன் கோர்மக் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

ராத்திரி டப்ளினில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை கிளம்பினோம். சதுப்பு ரோட்டுத் திருப்பம் வந்தது. டிம்ப்னா திரும்பவில்லை.

"ஏ டிம்ப்னா, திருப்பத்த விட்டுட்ட," என்றார் பாட்சி.

"விடல. பாத்துட்டுத்தான் வந்தேன்."

"பின்னால எடு."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் பின்னால் எடுப்பாளா?

ட்ரம்கார்வாவில் சரியாகப் பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டிம்ப்னா வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள், ஜன்னலை இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு. பூசைக்கு வந்த கார்கள் எங்கள் பின்னால் வரிசை கட்டின. பாலத்தின் முனையில் ரோட்டின் நட்டநடுவில் பஸ்ஸை நிறுத்தி, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இறங்கி நடங்க," என்றாள்.

கோர்மக் எழுந்தான். அழுது அழுது அவன் கண்கள் வீங்கியிருந்தன. "கோப்பை இல்லாம எதப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறது?" என்று கேட்டான்.

"கை ரெண்டு இருக்கில்ல, வீசிக்கிட்டு நட. ஒரு பாயிண்டுடா. ஒரு பாயிண்டுக்கு எதுக்குத் திருட்டுப்பய மாதிரி வீட்டுக்குப் போகணும்? ஜெயிச்சிட்டு வந்த அன்னைக்கே என்னை அந்த ரோட்ல கூட்டிட்டுப் போனாங்க. இனிமே இந்த பஸ் அதுல போகாது."

பாலத்தின் மறுபக்கத்தில் ஜெயித்தால் எரிக்க வெள்ளிக்கிழமையே அடுக்கி வைத்த மரச்சட்டங்களும், சதுப்பில் வெட்டிக் காயவைத்த எரிகட்டிகளும் நனைந்து கிடந்தன. சுற்றி ஆள் அரவமே இல்லை. டிம்ப்னா பஸ்ஸிலிருந்து டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு, யாரையும் கேட்காமல் பாலத்தைத் தாண்டிப் போய், ஊற்றிப் பற்றவைத்தாள். கறுப்புப் புகை குபுகுபுவென்று எழுந்தது. அதைப் பார்த்து வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அவள் திரும்பி வந்தாள், பஸ்ஸில் ஏற. பழக்கம் அதுதான்: அணி நடக்கும், அவள் காலி பஸ்ஸைப் பின்னால் ஓட்டி வருவாள். அந்தக் குளிர்காலத்தில் மூன்று தடவையும் அப்படித்தான் வந்தாள். கோர்மக் படியில் குறுக்கே நின்றுகொண்டான்.

"நீங்க முன்னாடி வாங்க," என்றான்.

"பஸ் நடு ரோட்ல நிக்குதேடா."

"நிக்கட்டும்."

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் முன்னால் நடந்தாள், குட்டையான கால்களை அகல வைத்து. நாங்கள் பின்னால் நடந்தோம்.

எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ட்ரம்கார்வாக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆறுகிறதே. ஒருவர் ஹாரன் அடித்தார். இன்னொருவர் அடித்தார். பிறகு மொத்த வரிசையும் ஆத்திரத்தோடு அடிக்க ஆரம்பித்தது. ஆற்றின் இரு கரையிலும் அது எதிரொலித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கைதட்டிக்கொண்டே ஓடி வந்தார்கள். எந்தக் கோப்பைக்கும் அப்படி ஒரு ஊர்வலம் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

"இன்னும் நல்லா அடிங்கடா," என்றாள் டிம்ப்னா, திரும்பிப் பார்க்காமல்.

மறுவாரம் கிளப் கூடியது. சேருவதற்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் பாட்சி. அவர் கை மேஜை மேலேயே இருந்தது. வேறு எந்தக் கையும் எழவில்லை.

இந்த வருஷம் மாவட்ட மைதானத்தில் முதல் சுற்றிலேயே ட்ரம்கார்வாவிடம் படுதோல்வி. ஃபுல்பேக்குக்கு முழங்கால் போயிற்று, இன்னும் ஒருவன் சிட்னிக்குப் போய்விட்டான். திரும்பி வரும்போது அந்தத் திருப்பம் வந்தது. டிம்ப்னா நேராக ஓட்டினாள். பாலத்தின் முனையில் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டாள், நாங்கள் மழையில் இறங்கி நடந்தோம்.