கடையில் உட்கார ஓர் இடம்

அந்த வருடம் காலையில் கட்டிலைவிட்டு இறங்கவே எனக்குப் பயமாக இருந்தது. முதல் அடி வைத்ததும் இடது குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போவேன். நடக்க நடக்கக் கொஞ்சம் தணியும். சாயங்காலத்துக்குள் பழையபடி ஏறிக்கொள்ளும்.

சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் எனக்கு வேலை. ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு மெத்தை போட்ட பெஞ்சு உண்டு. எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவிர உட்கார அனுமதியில்லை. ஈ ஓட்டுகிற மத்தியான வேளையிலும் அப்படித்தான். விற்பனைப் பெண்கள் உட்கார்ந்திருந்தால் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள் என்பது மேனேஜரின் கட்சி.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அடுகோடியில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே இருந்தவள் கன்னடக்காரப் பெண். நின்று நின்று பாதத்தின் அடித்தசை இறுகி, குதிகாலில் போய்ச் சேரும் இடத்தில் புண்பட்டிருக்கிறது என்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டி விளக்கினாள். சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டச் சொன்னாள். தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுக்கவைத்தாள். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றும் பயிற்சிதான் கொடுமை. அந்தப் படியில் நின்று நான் அழுதிருக்கிறேன். அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மறுபடி ஏற்றச் சொல்வாள்.

விடுமுறை நாளில் வலி குறையும். கடைக்குப் போய் வந்தால் கூடிவிடும். ஒருநாள் அவள், கடையில் எப்போது உட்காருவீர்கள் என்று கேட்டாள். உட்கார விடமாட்டார்கள் என்றேன். என் பாதத்தைக் கையிலிருந்து கீழே வைத்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

"நான் இங்க சரி மாடறேன், அவங்க அங்க கெடுக்கறாங்க. அப்புறம் எதுக்கு அக்கா வரீங்க?"

வீட்டுக்கு நடக்கும்போது அவள்மேல்தான் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து காலை நீட்டியதும், கோபப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை என்று தெரிந்தது.

மறுநாள் மேனேஜரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். உட்கார வேண்டுமென்றால் கீழே குடோனுக்குப் போய்த் துணி மடிக்கலாம் என்றார். அவர் அந்தக் கடைக்கு வருவதற்கு முன்பிருந்தே அந்தக் கவுண்டரில் சேலை விற்றவள் நான். அடுத்த நாள் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டத்தில் அது எல்லோர் முட்டியிலும் இடித்தது. கவுண்டருக்குப் பின்னால் போட்டு, ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தேன். மேனேஜர் வந்தார்.

"எழுந்திருங்கம்மா. இது கடையா, பஸ் ஸ்டாண்டா?"

"கடைதான் சார். நாளைக்கும் இங்க வந்து நிக்கணுமே, அதுக்குக் கால் வேணும். கஸ்டமர் வந்தா எழுந்திருக்கறேன்."

மறுநாள் காலையில் ஸ்டூலைக் காணவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் தரையிலேயே உட்கார்ந்து, காலை நீட்டி, தூசி தட்டுகிற துணியை விரித்து விரல்களால் சுருட்ட ஆரம்பித்தேன். பிளவுஸ் துணிப் பிரிவிலிருந்தவள் எட்டிப்பார்த்தாள். கால் நரம்பு புடைத்து, காலுறைக்குள் மறைத்துக்கொண்டு வேலை செய்கிறவள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சுடிதார் பிரிவிலிருந்தும் ஒருத்தி வந்தாள்.

மேனேஜர் அந்தப் பக்கம் வந்தபோது கவுண்டர்களுக்கு மேலே ஒரு தலையும் தெரியவில்லை. அவர் என்னை மட்டும்தான் பார்த்தார். உட்கார்ந்தபடியே சொன்னேன்: "வேலைய விட்டுப் போன்னு சொல்லுங்க, போறேன். குடோனுக்குப் போகமாட்டேன்."

அவர் மாடிக்குப் போய் முதலாளியை அழைத்து வந்தார். முதலாளி என்ன வியாதி என்று கேட்டார். சொன்னேன். பக்கத்திலிருந்தவள் காலுறையைக் கீழே தள்ளிக் காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, கஸ்டமர் இருக்கும்போது மட்டும் யாரும் உட்காரக் கூடாது என்று தன் சொந்த உத்தரவுபோல அறிவித்துவிட்டு மாடியேறினார். நான் முந்தின நாளே மேனேஜரிடம் சொன்னதுதான் அது.

குதிகால் சரியாக மழைக்காலம் முழுவதும் ஆனது. படிப் பயிற்சியை இன்னும் விடவில்லை. கவுண்டர்களுக்குப் பின்னால் இப்போது ஆளுக்கொரு ஸ்டூல் இருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் வந்தால் மேனேஜர் இன்றைக்கும் தொண்டையைச் செருமுவார். நான் எழுந்திருப்பதில்லை.