ஜமீலா டீச்சர் நட்ட கரை

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தியவர் ஜமீலுன்னிசா. எல்லாருக்கும் ஜமீலா டீச்சர். 1971இல் மாணவிகளைச் செடி சேகரிக்க வேளச்சேரி ஏரிப் பக்கம் கூட்டிப் போனபோதுதான் தங்கவேல் என்பவரின் நிலத்தைப் பார்த்தார். ஏரியின் உபரிநீர் போகும் கால்வாயை ஒட்டி அரை ஏக்கர், அதில் ஒரு குடிசை. சவுக்குத் தோப்பை வெட்டியபின் வெறும் மணல்தான் மிச்சம். மழைக்கு மழை கரை சரிந்துகொண்டே வந்தது.

"சவுக்குக்கு முன்னாடி இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டார்.

"இன்னா இருந்துச்சி, நொச்சி, புங்கம், களாப் புதரு. எங்க நைனாதான் எல்லாத்தையும் வெட்டிட்டாரு" என்றார் தங்கவேல்.

"கரையில மட்டும் அதையே திரும்ப வைக்கலாமே. கன்னு நான் கொண்டுவரேன்."

தங்கவேல் சிரித்தார். ஆனாலும் தலையாட்டினார்.

அடையாற்று முகத்துவாரத்துப் புதர்களில் விதை பொறுக்கி, கொட்டாங்கச்சிகளில் முளைக்கவைத்து, சனிக்கிழமைதோறும் பையில் சுமந்து வந்தார் டீச்சர். மூன்று மாதத்தில் ஆடுகள் புகுந்து அத்தனையையும் மேய்ந்துவிட்டன. வேலி போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"உங்க பேச்சக் கேட்டு தண்ணி ஊத்துனேன் டீச்சரம்மா. ஆட்டுக்குத் தீனி போட்ட மாரி ஆயிப்போச்சி."

தங்கவேலின் மனைவி கன்னியம்மாதான் சொன்னாள்: "நொச்சிய ஆடு தொடாது. அத வெளிப்பக்கம் வைங்க, மத்தத உள்ள வைங்க."

அப்படியே நட்டார்கள். மழை பொய்த்த வருஷத்தில் பாதி காய்ந்தது. மீதியைக் கன்னியம்மா குடம் சுமந்து காப்பாற்றினாள். கரைக்குக் கல் அடுக்கலாமா என்று தங்கவேல் ஒருமுறை கேட்டார். "வேண்டாம், வேர் பிடிச்சுக்கும்" என்று தடுத்தவர் டீச்சர்.

1976 நவம்பரில் மழை விடாமல் கொட்டியது. சைதாப்பேட்டையில் ஆறு பெருகி மூன்று நாள் வேளச்சேரிக்கு வழி அடைபட்டது. வகுப்பில் நின்றாலும் அவருக்கு அந்தக் குடிசை ஞாபகம்தான். கல்லை வேண்டாம் என்றது தான்தானே என்ற நினைப்பு அரித்தது.

நாலாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். பக்கத்து நிலத்து ஏழுமலையின் கரை பெரிதாக அறுந்து கிடந்தது. இன்னும் நாலடி போனால் தங்கவேலின் நிலம். நொச்சியெல்லாம் சேறு பூசி ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஆள் நீளத்துக்கு உடைப்பு. மற்றபடி கரை நின்றது. குடிசைக்கூரையில் அடுப்புப் புகை.

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, சேத்துல குந்திகினு கீறீங்க?"

"கரை நின்னுடுச்சு, தங்கவேலு." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கன்னியம்மா சூடாகக் கஞ்சி கொண்டுவந்தாள்.

அதற்குள் ஏழுமலை வந்துவிட்டார். "எனக்கும் அந்த நொச்சி கெடைக்குமா?"

டீச்சர் வாய் திறக்கும் முன்பே தங்கவேல் அரிவாளை எடுத்துக்கொண்டு நடுவதற்கு நொச்சிக் குச்சி வெட்டப் போனார். "நொச்சிய மட்டும் வெச்சா பத்தாதுபா. பின்னாடி புங்கம் வையி, நான் சொல்றேன்."

டீச்சர் கஞ்சியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.