ஆணி அடிக்கக் கூடாத வீடு

மந்தாரக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. முகம் பார்க்கும் கண்ணாடி அரிசி டின்மேல் சாய்ந்து நின்றது. எல்லாம் வாடகைப் பத்திரம் செய்த வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை வெளியே குடியிருப்பவர்கள் வீட்டு வாடகைப் படி வாங்க ஆபீசில் பத்திரம் காட்ட வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் தன் வழக்கப்படி என்னென்னவோ எழுதித் தள்ளியிருந்தார். சுவரிலோ உத்தரத்திலோ ஆணி அடிக்கக் கூடாது என்பதும் அதில் ஒன்று.

என் கணவருக்கு மைன்ஸில் வேலை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. பத்திரத்தை மீறினால் விஷயம் ஆபீஸ்வரை போய்விடும் என்று பயந்து செத்தார்.

பிரசவம் முடிந்து திருநெல்வேலியிலிருந்து திரும்பினேன். பிள்ளைக்கு அங்கே தூளி பழகிவிட்டது. பாயில் போட்டால் வீறிட்டுக் கத்தினான். உத்தரத்தில் ஒரு கொக்கி அறைந்தால் போதும், அதுதான் கூடாதே! மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே நான் தூங்கிவிட, ஒருநாள் பிள்ளை நழுவிக் கீழே போகப் பார்த்தான்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்த வீட்டுக்கார அம்மா பிள்ளையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று கதவைத் திறந்தால், அந்த அம்மா வாசலிலேயே நிற்கிறார். கையில் குழந்தைக்குப் போடும் கருப்பு வளையல்.

“உள்ள வந்து பாத்தா குறைஞ்சா போயிடுவீங்க?” என்றேன்.

“உங்களக் கேக்காம வூட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு பத்திரத்துல இருக்குதாமே. அதான் தெனம் அழுவுறத கேட்டுக்கினு இங்கயே நின்னுட்டுப் போறேன். ஏன், தூளி கட்டலீங்களா?”

ஆணி விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டார். எழுதுகிறவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, ஆணியைப் பற்றித் தான் வாயே திறக்கவில்லை என்றார் அந்த மனுஷர். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரே சுத்தியலும் கொக்கியுமாக வந்தார். வந்தவர் நிலைப்படியில் நின்று, “வரலாங்களா?” என்றார்.

தூளியில் போட்டதும் பிள்ளை தூங்கினான். நானும் பக்கத்தில் சாய்ந்தேன். கண் விழித்தபோது விளக்கு வைக்கும் நேரம். அந்த அம்மா என் வீட்டுக்குள் உட்கார்ந்து தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார்.