மூன்றில் ஒன்றை விட்டது

அக்கா ஒரு நோட்டில் கம்ப்யூட்டரின் கீபோர்டை வரைந்து வைத்திருந்தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு தமிழ் எழுத்து. ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் படித்த இடத்தில் வாரத்துக்கு ஒரு மணி நேரந்தான் மெஷினைத் தொடவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் அந்தக் காகிதத்தின் மேலேயே விரலை ஓட்டிப் பழகினாள். பக்கம் அமைக்கிற சாஃப்ட்வேரில் எந்தக் கட்டளை எங்கே இருக்கும் என்பதையும் படம் போட்டு மனப்பாடம் செய்திருந்தாள். பிள்ளைகளா, உங்கள் அத்தையைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தோம். அவள் அச்சுக் கோர்ப்பாள், எனக்கு பைண்டிங். தொண்ணூறுகளின் நடுவில் முதலாளியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு லேப்டாப் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அதைவிடச் சக்தியுள்ள மெஷின் ஊரில் கிடையாது. "ஒரு வாரத்துல கல்யாணப் பத்திரிகை இதுல ஓடணும். இல்லன்னா சிவகாசியில இருந்து ஆளக் கூட்டியாந்துருவேன்" என்று முதலாளி அக்காவிடம் சொல்லிவிட்டார். சாஃப்ட்வேர் போட மதுரைக்கு நானே போகிறேன் என்றாள் அக்கா. "பொம்பளப் பிள்ள தனியா எதுக்கு அலையணும்? ஒந் தம்பி போகட்டும்" என்றார். ஆடிப்பூரத் தேரன்று அச்சகம் லீவு; வேலை கெடாது. எட்டாவதோடு நின்ற நான் லேப்டாப்போடு பஸ் ஏறினேன்.

முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்று சாஃப்ட்வேரின் பெயர் இருந்தது. லேபிள் படம் வரைய முதலாளிக்கு ஒன்று. லேத் பட்டறை வைத்திருந்த அவர் தம்பிக்கு, மெஷின் பாகம் வரைய ஒன்று. பக்கம் அமைத்துத் தமிழ் அடிக்க அக்காவுக்கு ஒன்று. கடைக்காரர் மெஷினைத் திறந்து பார்த்தார். "மூணும் போட்டா மூச்சு வாங்கும்ணே. ரெண்டு சொல்லுங்க."

"நீங்களே ரெண்டு சொல்லுங்களேன்."

"பொண்ணு பாக்க வந்தவரே எந்தப் பொண்ணுன்னு என்னையக் கேட்டா எப்படி?" என்று சிரித்தார்.

அச்சகத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊரே தேர் வடத்தில் நின்றிருக்கும். மூன்றில் எதைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது. முதலாளி வீட்டாருடையதை விட்டால் திட்டு விழும் என்பது மட்டும் தெரியும். அக்கா நம்ம அக்காதானே, சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளுடையதை விட்டேன்.

ஊர் திரும்பியதும் அக்காவிடம், "கடையில இல்லையாம்க்கா" என்றேன்.

"வேற கடை பாத்தியாலே?"

"பாத்தேன்."

நான் விட்டுவிட்டு வந்த அந்த சாஃப்ட்வேரோடுதான் தமிழ் எழுத்துகள் வரும். அக்கா படம் வரைகிற சாஃப்ட்வேரில் எழுத்தை ஒவ்வொன்றாகப் படமாகவே வரைந்து பார்த்தாள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்ததில் மாப்பிள்ளையின் பெயர் முடிந்தது. வாரம் முடிந்ததும் சிவகாசிக்காரர் வந்தார். லேத் பட்டறைக்காரருடையதை அழித்துவிட்டு, தன் பையிலிருந்த பிளாப்பிகளைப் போட்டு, மத்தியானத்துக்குள் வேலையை ஆரம்பித்துவிட்டார். அழித்தது முதலாளியின் தம்பிக்குக் கடைசிவரை தெரியாது. அவர் அதைத் திறந்ததே இல்லை. அக்கா பின்னால் நின்று பார்த்தாள். அவர் ஒரு கட்டளையைத் தேடித் தடுமாறியபோது, "மூணாவது வரிசையில இருக்குண்ணே" என்றாள். மறுவாரம் ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி மில்லில் பாக்கிங் வேலைக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷம் அங்கேதான் இருந்தாள்.

போன வாரம் உங்கள் புது லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "எதெது போடலாம்ப்பா?" என்று என்னையும் கேட்டீர்கள். "இடம் எம்புட்டோ கெடக்கு, அம்புட்டையும் போட்டுருவோம்" என்று நீங்களே சிரித்தீர்கள். நான் எழுந்து போனது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறாள். அந்தக் கடையில் மட்டும் அது இருந்திருந்தால் என்று இன்றைக்கும் சொல்கிறவள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று உங்களைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதியும் எனக்குத் தெரியவில்லை.