அண்ணன் குடிக்கவில்லை

எங்கள் தோட்டத்துக் கங்காணியான மண்டோரின் மகனுக்கு வந்த சம்பந்தத்தைக் கலைத்தவள் நான்தான். எஸ்டேட்டில் பாதிப் பேர் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். துப்பட்டும். இன்னொரு வாய்ப்புக் கிடைத்தாலும் கலைப்பேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஆராய்ச்சி உதவியாளர் என்று ஒரு வேலை கிடைத்தது. பெயர்தான் பெரிது. சம்சு என்ற மலிவுச் சாராயம் குடிப்பவர்களைக் குடியிலிருந்து மீட்க ஒரு மாத்திரை உதவுகிறதா என்று கோலாலம்பூர் டாக்டர் ஒருவர் கோல சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களில் ஆராய்ந்துகொண்டிருந்தார். பஸ் பிடித்து, செம்மண் ரோட்டில் நடந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கேள்வி கேட்டு எழுதி வருவது என் வேலை. அந்த மாத்திரை தன்பாட்டுக்கு ஒன்றும் செய்யாது. அதன்மேல் சாராயம் ஒரு வாய் பட்டால் போதும், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வருவதுபோல வாந்தி வரும். இதயம் பலவீனமாக இருந்தால் உயிரே போகலாம். இதை எல்லாம் சொல்லித்தான் ஒவ்வொருவரையும் சேர்த்தோம்.

என் நச்சரிப்புத் தாங்காமல் அண்ணனும் சேர்ந்தார். பால்மரம் வெட்டப் போகுமுன் அண்ணி கோப்பியோடு மாத்திரையையும் நீட்டுவார்; அவர் விழுங்கும்வரை நகரமாட்டார். குடி நின்றது. கை நடுக்கமும் நின்று, பள்ளிக்கூடம் போகும் மகளுக்கு அவரே சடை பின்னிவிட ஆரம்பித்தார். கோணல் சடைதான். அந்தப் பிள்ளை அதை யாரையும் அவிழ்க்க விடாது.

இது பொறுக்கவில்லை எங்கள் மண்டோருக்கு. பகலில் வேலை வாங்குவான். பொழுது சாய்ந்தால் கோழிக்கூண்டுக்குப் பின்னால் சம்சு விற்பான். எங்கள் மாத்திரை வந்தபிறகு அங்கே கூட்டம் குறைந்துவிட்டது. பொம்பளை கொடுக்கும் மாத்திரைக்குப் பயந்த ஆம்பளை என்று அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் நக்கலடிப்பான். அண்ணன் சிரித்துவிட்டுப் போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடக் கோயில் திருவிழாவன்று எனக்குக் கம்போங் குவாந்தான் பக்கத்துத் தோட்டத்தில் வேலை. தேர் இழுத்த களைப்பில் அண்ணன் ஒரு கிளாஸ் இனிப்புச் சிராப் தண்ணியை ஒரே மடக்கில் குடித்திருக்கிறார். சற்று நேரத்தில் முகம் ரத்தமாகச் சிவந்து விழுந்துவிட்டார். வாயெல்லாம் சம்சு வாடை. எஸ்டேட் லோரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. நான் குடிக்கல, குடிக்கல என்று சொல்லிக்கொண்டே செத்தாராம். ஒருவரும் நம்பவில்லை. ஆய்வுக் கணக்கில் ‘மறுபடி குடித்தவர்’ என்று பதிவாகி அடங்கிப்போனார். சாவு வீட்டில் முன்னால் நின்று பந்தல் போட்டது யார் தெரியுமா? இதே மண்டோர்தான். தோளில் துண்டு போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான், படுபாவி.

ஒரு மாதம் கழித்து, ஆய்வில் இருந்த இன்னொருவர் கேள்விகளுக்கு நடுவே உடைந்துபோய்ச் சொன்னார். சிராப்பில் சம்சுவைக் கலந்தது மண்டோர். மாத்திரை வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சிரித்துக்கொண்டே கலந்ததைத் தன் கண்ணால் பார்த்தாராம். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று கும்பிட்டார். டாக்டரிடம் ஓடினேன். நேர்காணலில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது, ஒருமுறை சொன்னால் பிறகு எவனும் நம்மிடம் வாய் திறக்கமாட்டான் என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தின் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது.

அண்ணியைப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும். சாகும்போதும் பொய் சொன்ன மனுஷன் என்று அண்ணன் பேச்சையே எடுக்க விடமாட்டார். நான் மட்டும் வாயைத் திறந்தால் தங்கச்சி பரிந்து பேசுகிறாள் என்றுதான் நினைப்பார். அண்ணன் குடிக்கவில்லை என்பதைக் கலந்தவன் வாயாலேயே அண்ணி கேட்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவனிடம் எதைப் பிடித்தால் வலிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வருடம் அது தானாக வந்தது. அசாம் ஜாவாவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ராவாங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மகளுக்கு மண்டோரின் ஒரே மகனைப் பேசுகிறார்களாம். குடும்பம் எப்படி என்று விசாரிக்க வந்தவர். வீடு வீடாகப் போகிற மிஸ் நான்தான் என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். அவர் புருஷனைக் குடிக்குத் தின்னக் கொடுத்தவர். அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அந்த வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா?

மண்டோர் எங்கள் ஆய்வில் இல்லை. அவனைப்பற்றிப் பேச டாக்டரின் சட்டம் என்னைத் தடுக்காது.

“அந்த வீட்டுல யாரும் ஒரு சொட்டுக்கூட குடிக்க மாட்டாங்கக்கா,” என்றேன். “ஊத்தித்தான் குடுப்பாங்க.”

பொழுது சாய்ந்ததும் கூட்டிப்போய்க் கோழிக்கூண்டைத் தூர நின்று காட்டினேன். பார்த்தார். அங்கே வரிசையில் நின்ற ஆட்களையும் பார்த்தார். மறுவாரமே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

மண்டோர் என் வீட்டு வாசலுக்கு வந்தான். முதலில் கத்தினான், பிறகு குரல் இறங்கியது. மகன் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறானாம். ராவாங்குக்குப் போய், ஏதோ கோபத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான். தாயி, தாயி என்றான். காதுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது!

“போறேன்,” என்றேன். “முதல்ல நீங்க எங்க அண்ணிகிட்ட வாங்க. திருவிழாவுல நடந்தத லயத்து ஆளுங்க முன்னால சொல்லுங்க.”

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும் ஒரே மகன் அல்லவா, வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணிக் குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். அண்ணி துணி துவைத்துக்கொண்டிருந்தார். மண்டோர் தரையைப் பார்த்தபடி சொன்னான்: “அவன் குடிக்கல. நாந்தான் சிராப்புல கலந்து குடுத்தேன். சும்மா வெளாட்டுக்கு. செத்துப்போவான்னு தெரியாது.”

அண்ணி அவன்மேல் பாய்வார், செருப்பால் அடிப்பார் என்று காத்திருந்தேன். அதைப் பார்க்கத்தானே ஒரு வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் மண்டோரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோப்புக் கையோடு என்னைத்தான் பார்த்தார்.

“லோரில ஏத்தறப்ப, குடிக்கலடின்னு சொன்னாரு. பொய் சொல்லாதேன்னு அந்த வாயிலயே அடிச்சேன்.”

குழாய்த் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஒருத்தி போய் அடைத்தாள். கொஞ்சம் பொறுத்து மண்டோர் என் பக்கம் நகர்ந்து வந்து, சொன்னபடி செய்தாயிற்று, ராவாங்குக்கு எப்போது போகிறாய் என்று மெதுவாகக் கேட்டான்.

“போகமாட்டேன்,” என்றேன்.