வராந்தா வெயில்

இந்தச் சித்திரை முழுக்கக் கணினியைத் திட்டித் தீர்த்தேன். ராஜபாளையத்தில் அப்பா மேஸ்திரியாக இருந்த நூற்பாலையின் பழைய நோட்டுகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஆலை வராந்தாவில் தொங்கிய தெர்மாமீட்டரைப் பார்த்துத் தினமும் மதியம் எழுதிய குறிப்புகள். அந்தக் காலத்து வெயிலைக் கண்டுபிடிக்கும் என் ஆய்வுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நம்பினேன். கையெழுத்து அப்பாவுடையது. நம்பாமல் என்ன செய்வேன்?

பழைய வெயிலையும் இனி வரப்போகும் வெயிலையும் கணக்கிட்டுச் சொல்லும், கணினியில் ஓடும் பருவநிலை மாதிரியோ, கோடை மதியங்களை மட்டும் நோட்டைவிடச் சூடாகவே காட்டியது. மாதிரிதான் பிசகு என்று முடிவுகட்டி, அந்த அதிகப்படிச் சூட்டை எல்லாக் கோடைகளிலிருந்தும் கழித்தேன். வரப்போகும் கோடைகளிலிருந்தும்தான்.

அதே ஆலையில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு ஷிஃப்ட் மாறி மாறிப் போய்த் தூக்கம் கெட்டிருந்தது. நிரந்தரமாகப் பகல் ஷிஃப்ட் தருவதாகச் சொன்னார்களாம். ஆனால் போன கோடையில் பட்டப்பகலில் இரண்டு முறை மயங்கி விழுந்தவன் அவன்.

"வெயில் இன்னும் எம்புட்டு ஏறும் பாப்பா? ஒடம்பு தாங்குமா?"

"தாங்கும்ணே" என்றேன். படித்தவள் என்ற திமிர் குரலில் இருந்திருக்கும்.

வைகாசியில் ஒரு ஞாயிறு ராஜபாளையம் போனபோது, நோட்டுகளைப் பற்றி அப்பாவிடம் பெருமையடித்தேன். அவர் சிரித்தார்.

"ஏட்டி, கோடையில மேனேஜர் வாரதுக்கு முன்னால வராந்தாவுல நாலு வாளித் தண்ணிய ஊத்திருவோம். செத்த நேரத்துல தெர்மாமீட்டர்ல பாதரசம் எறங்கிரும். பொறவுதான் எழுதுவேன். வெயிலக் கூட்டி எழுதுனா, நூல் அந்து போறதுக்குச் சாக்குச் சொல்லுதோம்னு அவிய வைவாவ."

பிசகு மாதிரியில் இல்லை, நோட்டில்தான். வீட்டுக்கு வந்து, கழித்ததைத் திரும்பச் சேர்த்தேன். வரும் கோடைகள் ஒவ்வொன்றும், அண்ணனிடம் தாங்கும் என்று சொன்ன அளவைத் தாண்டிப் போயின. எங்காவது இறங்காதா என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். இறங்கவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள், அவனுடைய சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன்.

"அண்ணே, நான் சொன்னது தப்பு. பகல் ஷிஃப்ட் வேண்டாம்னு சொல்லிரு."

"இனி எங்க மாத்த? நீ தாங்கும்னு சொன்ன அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேம்லா." குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "இன்னைக்கும் ஒருத்தர் விழுந்துட்டாரு. எனக்கும் காலைல இருந்து கண்ணக் கட்டுது பாப்பா. வைக்கேன், மணி அடிச்சிட்டாவ."